ஆடுகளம் அமைத்த ஆசான்

சென்னைத் துறைமுகத்திற்கு அண்மையில், உயர்நீதிமன்றத்தின் எதிரே, எஸ்பிளனேடு என வழங்கும் பகுதியில் செந்நிறக் கட்டடம் ஒன்று நிமிர்ந்து நிற்கிறது. அதன் எதிரே நீதிமன்றத்தின் கோபுரங்கள் ஓங்கி நிற்கும். கிழக்கே துறைமுகத்தின் பளுத்தூக்கிகள் தோன்றும். வடக்கே மண்ணடி, இராயபுரம், தண்டையார்ப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என உழைப்பாளர் நிறைந்த ஊர்கள் கடலோரமாகத் தொடர்ந்து செல்லும். வடசென்னைக்கு வாயில் காப்பதுபோல் நிற்கும் அக்கட்டடம், ஒய்.எம்.சி.ஏ. எனப்படும் கிறித்தவ இளைஞர் சங்கத்திற்கு உரியது. மூட்டை சுமப்போரும், வணிகம் செய்வோரும், வழக்காட வருவோரும் நாள்தோறும் அதனைக் கடந்து செல்கின்றனர். நம் பள்ளிகளில் விளையாட்டுக்கு ஒரு பாடவேளையும், அதனைக் கற்பிக்கப் பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியரும் அமையத் தொடங்கியதற்குப் பெரிதும் காரணமாயிருந்த ஒருவரின் பணி அங்கே முளைவிட்டது என்பதை அவர்களுள் அறிந்தோர் சிலரே. அப்பெரியாரின் பெயர் ஹாரி குரோ பக்.

அவர் இந்நாட்டிற்கு வந்த காலத்தில் பள்ளிகளில் உடற்பயிற்சி எனப்பட்டது பெரும்பாலும் படைப்பயிற்சியின் சாயலே. படையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் வருவார், மாணவரை வரிசையில் நிறுத்துவார், ஆங்கிலத்தில் ஆணையிடுவார், கைகளும் கால்களும் ஒருங்கே அசையும். அசைவோர் உள்ளத்தில் மகிழ்ச்சி உண்டா என்று எண்ணுவார் இலர். டிரில் மாஸ்டர் என அழைக்கப்பட்ட அவருக்கு, இலக்கணமும் கணக்கும் கற்பித்த ஆசிரியர்க்கு இருந்த மதிப்பு இல்லை. பெற்றோரும் விளையாட்டைப் படிப்பின் பகையாகவே கருதினர். விரைந்து ஓடுவோரும் வலிமை மிக்கோருமாகிய சிலர் ஆட்டக் குழுவில் இடம் பெற்றனர். எஞ்சியோர் களத்தின் ஓரத்தில் நின்று கைதட்டினர். மெலிந்த உடலும் குனிந்த தோளும் உடைய சிறுவனுக்கே பயிற்சி மிகுதியும் வேண்டும். ஆயினும், களம் ஒதுக்கியது அவனையே. இக்குறையைக் களைவதே பக் தம் வாழ்நாட் பணியாக மேற்கொண்டது.

ஹாரி குரோ பக் 1884ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள், அமெரிக்க நாட்டின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள லிவர்பூல் என்னும் சிற்றூரில் பிறந்தார். சஸ்குவகன்னா என்னும் பேராற்றின் கரையில் அமைந்த ஊர் அது. உடற்கல்வியில் நாட்டங்கொண்ட பக், மாசசூசெட்சு மாநிலத்தின் ஸ்பிரிங்பீல்டு நகரில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரியில் பயின்றார். அக்கல்லூரியின் வரலாற்றைச் சிறிது அறிந்தாலன்றி அவர் பணியின் பெருமை விளங்காது.

1891ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் அக்கல்லூரியில் ஓர் இடர் நேர்ந்தது. வெளியே பனி மூடிக்கிடந்தது; கால்பந்து ஆட இயலவில்லை. கூடத்தினுள் ஒரே வகையான பயிற்சிகளை மீண்டும் மீண்டும் செய்து சலித்துப்போன 18 மாணவர்கள் அடங்காதவர் ஆயினர். அவர்களுக்குக் கற்பிக்க முயன்ற ஆசிரியர் இருவர் தோல்வியுற்றனர். உடற்கல்வித் துறைக்குத் தலைவராயிருந்த லூதர் குலிக், அவ்வகுப்பை ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் இளம் ஆசிரியரிடம் ஒப்புவித்து, கூடத்தினுள் ஆடத்தக்க புதியதோர் ஆட்டத்தை அமைக்குமாறு பணித்தார். நெய்ஸ்மித் கனடா நாட்டிற் பிறந்தவர். இளமையிலேயே தாய் தந்தையரை இழந்து உழைப்பால் உயர்ந்தவர்.

அவர் மாணவர்மீது சினங்கொள்ளவில்லை. அவர்கள் சலிப்பின் காரணத்தை ஆராய்ந்தார். பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதனாலேயே ஒருவரையொருவர் தள்ளி வீழ்த்தும் முரட்டுத்தனம் தோன்றுகிறது என்று கண்டு, பந்துடன் ஓடுதல் கூடாது என விதித்தார். இலக்குத் தரைமட்டத்தில் இருந்தால் பந்தை வலிந்து எறியத் தோன்றும். தலைக்கு மேலே கிடையாக இருந்தால் மென்மையாக வளைத்தெறிய வேண்டிவரும் என எண்ணி, குழிப்பேரிப் பழம் நிரப்பும் கூடைகள் இரண்டை 10 அடி உயரத்தில், மாடத்தின் கைப்பிடியில் அறைந்தார். 13 விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டினார். டிசம்பர்த் திங்களில் அம்மாணவர்கள் பக்கத்துக்கு ஒன்பதின்மராகப் பிரிந்து ஆடினர். அந்த முதல் ஆட்டத்தில் பந்து ஒருமுறையே கூடையில் வீழ்ந்தது. எனினும், அடங்காத மாணவர் அடங்கினர், சலித்தவர் சிரித்தனர். கூடைப்பந்தாட்டம் பிறந்தது.

அவ்வாட்டத்தில் ஒரு பக்கத்திற்குத் தலைவராக நின்றவர் டங்கன் பாட்டன் என்பவர். அவர் 1894ஆம் ஆண்டில் இந்தியாவிற்கு வந்து, இங்கே கூடைப்பந்தாட்டத்தை அறிமுகம் செய்தார். ஆட்டம் பிறந்து மூன்று ஆண்டுகள் நிறையுமுன்பே அதன் விதை நம் மண்ணில் வீழ்ந்தது எனலாம்.

நெய்ஸ்மித் 1898ஆம் ஆண்டில் கான்சாசு பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். அப்பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்துக் குழு 1899ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் தன் முதற்போட்டியை ஆடியது. எதிர்த்தவர் கான்சாசு நகர ஒய்.எம்.சி.ஏ. குழுவினர். ஆட்டத்தைக் கண்டுபிடித்தவரே ஆசானாக இருந்தும், அக்குழு 5க்கு 16 என்னும் எண்ணிக்கையில் தோற்றது. அப்பருவம் முடியுமுன் ஏழு வெற்றிகளும் நான்கு தோல்விகளும் கண்டது. ஒன்பது பருவங்கள் அவர் பொறுப்பில் ஆடிய போட்டிகளுள் வெற்றி 55, தோல்வி 60. கணக்கு மட்டும் பார்ப்போர் அவரைத் தோற்ற ஆசான் என்பர். ஆயினும், அவர் தோற்றுவித்த ஆட்டம் உலகெங்கும் பரந்தது. அவரிடம் பயின்ற பாரஸ்ட் ஆலன் பின்னாளில் பெரும்புகழ் பெற்ற பயிற்சியாளரானார். ஓர் ஆட்டப் பருவம் சில திங்களில் முடிந்துவிடும். வென்றார் யார், தோற்றார் யார் என்பதும் சில ஆண்டுகளில் மறந்துபோகும். நல்லாசிரியர் ஒருவர் இட்ட வித்தோ தலைமுறை தலைமுறையாகப் பயன் தரும்.

நெய்ஸ்மித் ஸ்பிரிங்பீல்டை விட்டு நீங்கிப் பல ஆண்டுகள் கழிந்த பின்னரே பக் அங்கே பயின்றார். எனினும், அவர் ஊன்றிய மரபு அங்கே வாழ்ந்துகொண்டிருந்தது. உடல், அறிவு, ஆன்மா ஆகிய மூன்றும் ஒரு முக்கோணத்தின் மூன்று பக்கங்கள். ஒன்று குன்றினும் வடிவம் சிதையும் என்பது குலிக் வகுத்த கொள்கை. ஆட்டம் என்பது வீரர் சிலரின் வெற்றிக்கு உரிய கருவி மட்டுமன்று. மாணவர் அனைவரையும் பண்படுத்தும் கல்வி என்னும் உண்மை பக்கின் உள்ளத்தில் வேரூன்றியது அங்கேதான்.

இந்தியாவில் ஒய்.எம்.சி.ஏ. முன்னரே பணியாற்றி வந்தது. டேவிட் மெக்கானகி என்பவர் 1890ஆம் ஆண்டில் சென்னையில் அச்சங்கத்தை நிறுவினார். 1908ஆம் ஆண்டில் மருத்துவர் ஜான் ஹென்றி கிரே கல்கத்தாவிற்கு வந்து உடற்கல்விப் பணியைத் தொடங்கினார். 1919ஆம் ஆண்டில் பக் இந்நாட்டிற்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 34. பரந்த இந்நாட்டில் எத்தனை ஊர்களுக்கு ஒருவர் சென்று பந்தாடக் கற்பிக்க இயலும்? ஒரு குழுவைப் பயிற்றினால் ஒரு பருவம் சிறக்கும். ஓர் ஆசிரியரைப் பயிற்றினால் ஒரு பள்ளியே சிறக்கும். ஆதலின், வீரரைத் தேடுவதினும் ஆசிரியரை உருவாக்குவதே முதற்கடமை என அவர் தெளிந்தார்.

அத்தெளிவின் பயனாக 1920ஆம் ஆண்டில் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிப் பள்ளி தோன்றியது. ஆசியக் கண்டத்திலேயே இத்தகைய நிறுவனங்களுள் முதலாவது எனப் போற்றப்படுவது அது. தொடக்கத்தில் அதற்குச் சிறந்த கட்டடம் இல்லை; நிறைந்த கருவிகளும் இல்லை; மாணவர் ஐவரே சேர்ந்தனர். எஸ்பிளனேடிலும், பின்னர் இராயப்பேட்டை வெஸ்லி கல்லூரி வளாகத்திலும் அப்பள்ளி எளிய நிலையில் நடந்தது. ஐவரை வைத்துக்கொண்டு நாடு முழுவதையும் திருத்த எண்ணுவது சிலருக்கு நகைப்பாகத் தோன்றியிருக்கலாம். ஆனால், ஆலம்விதையின் அளவு கண்டு அதன் நிழலை மதிப்பிடுதல் தகுமோ?

ஈண்டு ஒன்று நினைவுகூரத்தக்கது. அதே 1920ஆம் ஆண்டில், சென்னை மாநகராட்சியின் தலைவராக விளங்கியவர் வடசென்னையைச் சேர்ந்த பிட்டி தியாகராயர். ஆயிரம்விளக்குப் பகுதியில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் ஏழை மாணவர்க்கு உணவளிக்கும் திட்டத்திற்கு மாநகராட்சி அவ்வாண்டில் இசைவளித்தது. ஒரு மாணவனுக்கு நாளொன்றுக்கு ஓரணாவிற்கு மேற்படாத செலவு அதற்கு வகுக்கப்பட்டது. பசித்த வயிற்றிற்குச் சோறு வேண்டும் என எண்ணினார் ஒருவர். உண்ட உடம்பு உறுதிபெற ஆட்டம் வேண்டும் என எண்ணினார் மற்றொருவர். இருவரும் கலந்து பேசிச் செய்தவை அல்ல இவை. எனினும், ஏட்டுக் கல்விக்கு முன்னே ஏழைச் சிறுவனின் உடம்பைக் கண்ட கண்கள் இரண்டிடத்தும் ஒன்றே.

பக் நடத்திய பள்ளியில் பயிற்சி என்பது உடலை முறுக்குவதோடு நிற்கவில்லை. உடலின் அமைப்பையும் அதன் இயக்கத்தையும் ஆசிரியர் அறிய வேண்டும். நலவழிகளை அறிய வேண்டும். வயதிற்கு ஏற்ற பயிற்சியைத் தேர வேண்டும். ஆட்டத்தின் விதிகளை ஐயமறக் கற்க வேண்டும். நடுவராக நின்று நடுநிலை பிறழாமல் தீர்ப்பளிக்க வேண்டும். கூடைப்பந்து, கைப்பந்து முதலிய புது ஆட்டங்கள் அங்கே கற்பிக்கப்பட்டன. அவற்றோடு நம் நாட்டு ஆட்டங்களும் இடம்பெற்றன. ஊருக்கு ஊர் வேறுபட்ட முறையில் ஆடினால் இரண்டு ஊரார் எதிர்நின்று ஆடுதல் அரிது, பூசலே விளையும். ஆதலின், ஆட்டங்களின் விதிகளைத் தொகுத்து நூலாக்கும் பணியிலும் பக் ஈடுபட்டார். வியாயாம் என்னும் பெயரில் உடற்கல்விக்கென ஓர் இதழும் அந்நிறுவனத்திலிருந்து வெளிவந்தது. சென்னை அரசிற்கு உடற்கல்வித் துறையில் அறிவுரை கூறும் பொறுப்பும் அவரை நாடி வந்தது.

பள்ளி வளர்ந்தது. இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும், இலங்கை, பர்மா ஆகிய நாடுகளிலிருந்தும் மாணவர் வந்து பயின்றனர். 1930களின் தொடக்கத்தில் அது சைதாப்பேட்டையை அடுத்து, அடையாற்றின் கரையை ஒட்டிய பரந்த நிலத்திற்கு இடம் பெயர்ந்தது. நந்தனம் என இன்று வழங்கும் பகுதி அதுவே. ஐவருடன் தொடங்கிய பள்ளி, கல்லூரியாக ஓங்கியது. 1940ஆம் ஆண்டில் மகளிரும் அங்கே பயிலத் தொடங்கினர். பெண்டிர் ஆடுகளம் புகுதலைப் பழித்துரைத்தோர் பலராயிருந்த காலத்தில் திறக்கப்பட்ட அவ்வாயில் சிறியதன்று.

பக்கின் தொண்டு சென்னையளவில் அடங்கவில்லை. 1924ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் டில்லியில் அனைத்திந்திய ஒலிம்பிக் ஆட்டங்கள் நடைபெற்றன. அவற்றில் தேர்ந்தெடுக்கப்பட்ட வீரர்கள் அவ்வாண்டு பாரிசு நகரில் நிகழ்ந்த உலக ஒலிம்பிக் போட்டிகளுக்குச் சென்றனர். நீளம் தாண்டும் தலிப் சிங், தடைதாண்டி ஓடும் சி.கே. லட்சுமணன் முதலியோர் அக்குழுவில் இருந்தனர். அவர்களுக்குத் துணையாகவும் வழிகாட்டியாகவும் சென்றவர் பக். அங்கே அவர்களுக்குப் பதக்கம் எதுவும் கிட்டவில்லை. ஆயினும், பக் மனந்தளரவில்லை. மாகாணங்கள்தோறும் ஒலிம்பிக் சங்கங்களை அமைக்கும் முயற்சியில், ஒய்.எம்.சி.ஏ.வைச் சேர்ந்த மருத்துவர் நோரனுடன் அவர் தோள் கொடுத்து உழைத்தார். 1927ஆம் ஆண்டில் தோராப்ஜி டாட்டா தலைவராகவும், நோரன் செயலாளராகவும் அமைய, இந்திய ஒலிம்பிக் சங்கம் உருப்பெற்றது. அடுத்த ஆண்டே ஆம்ஸ்டர்டாம் நகரில் இந்திய ஹாக்கிக் குழு பொற்பதக்கம் வென்றது. 1932ஆம் ஆண்டில் அனைத்திந்திய ஒலிம்பிக் ஆட்டங்கள் சென்னையிலேயே நடைபெற்றன.

கூடைப்பந்தாட்டமும் நாட்டில் வேரூன்றியது. 1934ஆம் ஆண்டில் டில்லியில் ஆடவர்க்கான முதல் தேசியப் போட்டி நடந்தது. 1936ஆம் ஆண்டில் பெர்லின் ஒலிம்பிக் போட்டிகளில் அவ்வாட்டம் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. முதுமையடைந்திருந்த நெய்ஸ்மித் அங்கே சென்று, தாம் ஈன்ற ஆட்டத்தை உலக நாடுகள் ஆடக் கண்டு களித்தார். திறந்த வெளியில், மண்தரையில், மழையில் நனைந்தபடி நடந்த இறுதியாட்டத்தில் அமெரிக்கா 19க்கு 8 எனக் கனடாவை வென்றது.

மண்தரையில் ஆடுதல் நம்மவர்க்குப் புதியதன்று. பனிநாட்டில் கூடத்தினுள் பிறந்த இவ்வாட்டம், நம் நாட்டில் வெயிலிலும் வேப்பமர நிழலிலும் வளர்ந்தது. இராயபுரம் போன்ற நெருக்கம் மிகுந்த இடங்களுக்கு இஃது ஏற்ற ஆட்டமாகும். 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் உடைய களம் போதும், இரண்டு கம்பங்களும் ஒரு பந்தும் போதும், பதின்மர் ஆடலாம். கால்பந்திற்கு வேண்டும் பெருவெளி இதற்கு வேண்டா. செல்வர் வீட்டு மகனும் சுமைதூக்குவோர் மகனும் ஒரே கூடையை நோக்கித்தான் பந்தெறிய வேண்டும். இருவருக்கும் அதன் உயரம் 10 அடியே.

இரண்டாம் உலகப்போர் மூண்டிருந்த காலத்திலும் பக் சென்னையை விட்டு நீங்கவில்லை. 1943ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாள் சென்னையிலேயே அவர் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 58. அதில் 24 ஆண்டுகள் அவர் இந்நாட்டிற்கே ஈந்தவை. சஸ்குவகன்னா ஆற்றங்கரையில் தொடங்கிய வாழ்வு, வங்கக் கடற்கரை நகரில் நிறைவெய்தியது. 2020ஆம் ஆண்டில் அவர் நிறுவிய கல்லூரி நூறாண்டு நிறைந்தது. அங்கே பயின்று வெளியேறிய ஆசிரியர்கள் நாடெங்கும் சென்று, பள்ளிகளில் களம் அமைத்தனர், கோடு இட்டனர், ஊதுகுழல் ஊதி ஓரத்தில் நின்ற சிறுவரையும் உள்ளே அழைத்தனர்.

மாணவர்களே! இவ்வரலாற்றை எழுதும்போது என் குறை ஒன்றையும் மறையாது கூறுதல் முறையாகும். தேர்வு நெருங்குங்காலத்தில் விளையாட்டு வேளையைக் கேட்டுப் பெற்று, அவ்வேளையில் இலக்கணம் நடத்திய தமிழாசிரியருள் யானும் ஒருவன். உடற்கல்வி ஆசிரியர் முகம் வாட ஒப்புக்கொள்வார். மாணவர் சாளரத்தின் வழியே வெற்றுக்களத்தை நோக்கியிருப்பர். யானோ புணர்ச்சி விதிகளைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருப்பேன். அன்று நான் எடுத்துக்கொண்டது ஒரு பாடவேளை என்றே எண்ணினேன். பக் தம் வாழ்நாளை ஈந்து பெற்றுத்தந்த உரிமை அது என்பதை அறிந்த பின்னர் நாணினேன். அவ்வகுப்புகளில் படித்த இலக்கணம் அம்மாணவர்க்கு எத்துணை நினைவிருக்குமோ அறியேன்; அவர்கள் ஆடாது விட்ட ஆட்டத்தை என்னால் திருப்பித் தர இயலாது.

ஆதலின், உங்கள் பள்ளிக் களத்தில் கோடிட்டுக் கம்பம் நட்டு ஊதுகுழலுடன் நிற்கும் ஆசிரியரை எளியவராகக் கருதாதீர்கள். அவரும் உங்கள் ஆசானே. குழுவில் இடம்பெற்று வெல்லும் வாய்ப்பு உங்களுள் சிலருக்கே அமையும். களத்தில் இறங்கி ஆடும் உரிமையோ அனைவருக்கும் உண்டு. நன்கு ஆட வல்லோர், ஓரத்தில் தயங்கி நிற்கும் தோழனின் கையில் ஒருமுறை பந்தைக் கொடுங்கள். ஹாரி குரோ பக் என்னும் பெருமகனார்க்கு நாம் செலுத்தத்தக்க நன்றி அதுவேயாகும்.